வளவுப் புல்லுக்குப் பெற்றோலா, பற்றரியா?



மாரி மழை பெய்து ஓய்ந்ததும் யாழ்ப்பாணத்து வளவுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நேற்றுக் கூட்டிய முற்றம் இன்று பச்சையாகிவிடும். பத்து நாள் கவனிக்காவிட்டால் கிணற்றடிக்குப் போகும் பாதை மறைந்துவிடும். ஒரு மாதம் விட்டால் பிள்ளைகளைக் கோடிப்புறத்தில் விளையாட விட மனம் வராது.

கொக்குவிலில் இரண்டு பரப்புக் காணியில் குடியிருக்கும் சகோதரி ஒருவர் இதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். கணவர் வெளிநாட்டில். வீட்டில் மாமியும் மூன்று பிள்ளைகளும். முன்பு உழவாரத்தோடு வந்து புல்லுச் செருக்கித் தந்த வயதானவர் இப்போது வருவதில்லை. கூலிக்கு ஆள் பிடிப்பது பெரும்பாடு. பிடித்தாலும் சொன்ன நாளில் வரமாட்டார்கள். அதனால் சேமிப்பில் கைவைத்து ‘கிறாஸ் கட்டர்’ ஒன்றை வாங்கிவிட எண்ணுகிறார். கடையில் பெற்றோலில் ஓடுவதையும் காட்டுகிறார்கள், பற்றரியில் ஓடுவதையும் காட்டுகிறார்கள். இரண்டில் எது நல்லது?

சிறு சேமிப்பு ஒருமுறைதான் செலவாகும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

புல் ஏன் ஆபத்து?

வளவைத் துப்புரவாக வைப்பது அழகுக்காக மட்டுமல்ல. 2023ஆம் ஆண்டின் கடைசியிலும் 2024இன் தொடக்கத்திலும் யாழ்ப்பாண மாவட்டத்தில் டெங்கு எப்படிப் பரவியது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். டெங்கு நுளம்பு புல்லில் முட்டையிடுவதில்லை. புல்லுக்குள் மறைந்து கிடக்கும் சிரட்டை, யோகட் கப், பொலித்தீன் பை, பழைய டயர் ஆகியவற்றில் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் வரை போதும். புல் உயர்ந்து நின்றால் அந்தச் சிரட்டை கண்ணில் படாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, நுளம்பு பெருக இடமளிக்கும் வீட்டுக்காரர் மீது வழக்கும் தொடரலாம்.

அடுத்தது பாம்பு. குடாநாட்டின் வரண்ட மண்ணில் சுருட்டை விரியன் அதிகம். சிறிய பாம்பு, மண்ணின் நிறம். புல்லுக்குள் கிடந்தால் மிதிக்கும்வரை தெரியாது.

1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2002க்குப் பின்னரும் 2009க்குப் பின்னரும் சோனக தெருவுக்குத் திரும்பி வந்த நம் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மனிதர் புழங்காத வளவைப் புல் முதலில் பிடிக்கும், பிறகு பற்றை பிடிக்கும், கடைசியில் சுவருக்குள் மரமே முளைத்துவிடும்.

மெசின் வந்த கதை

இந்த மெசினில் கத்தி இல்லை. ஒரு நைலோன் தங்கூசி நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கிறது. அந்த வேகத்தில் தங்கூசியே கத்திபோல விறைத்துப் புல்லை அறுக்கிறது. 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜோர்ஜ் பலாஸ் என்பவர், கார் கழுவும் இடத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து இந்த யோசனையைப் பெற்றார். ஒரு தகர டின்னில் துளையிட்டு, மீன்பிடி நரம்பைக் கோத்துச் சுழற்றிப் பார்த்தார். அதுவே இன்று உலகெங்கும் ஓடுகிறது. பெற்றோல், பற்றரி இரண்டிலும் அறுப்பது இந்தத் தங்கூசிதான். அதைச் சுழற்றும் சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

பெற்றோல் மெசின்

இதன் பெரிய பலம், களைக்காமல் ஓடுவது. தாங்கி முடிந்தால் மீண்டும் ஊற்றலாம், வேலை நிற்காது. இடுப்பளவு வளர்ந்த புல்லையும் வெட்டும். தங்கூசியைக் கழற்றி இரும்புத் தகட்டைப் பூட்டினால் பற்றையையும் அறுக்கும்.

இனிக் குறைகள். இவற்றில் பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பெற்றோலோடு அதற்குரிய எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லிலீற்றர். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் எஞ்சின் இறுகிவிடும், அதோடு மெசின் முடிந்தது. பழைய ஓட்டோக்கள் கக்கிய நீலப் புகையை நினைத்துப் பாருங்கள். அதே புகைதான் இங்கும் வரும். பெற்றோலில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. இதனால்தான் கலிபோர்னியா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றி, 2024 முதல் இத்தகைய புதிய சிறு எஞ்சின்களின் விற்பனையை மட்டுப்படுத்தியது. எண்ணெய் கலக்கத் தேவையில்லாத போர் ஸ்ட்ரோக் மெசின்களும் உண்டு. புகை குறைவு, ஆனால் விலையும் பாரமும் கூட.

தோளில் மாட்டும் பெற்றோல் மெசின் ஆறு முதல் எட்டுக் கிலோ வரை இருக்கும். கயிற்றை இழுத்து எஞ்சினை எழுப்ப வேண்டும். தோள்வலி உள்ளவர்களுக்கு அதுவே தண்டனை. இரைச்சல் நூறு டெசிபெல்லை எட்டக்கூடும். அந்த அளவு சத்தத்தைக் காதடைப்பான் இல்லாமல் நாளொன்றுக்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் கேட்பது செவிக்குக் கேடு.

பற்றரி மெசின்

இது மூன்று நான்கு கிலோ. விசையை அழுத்தினால் சுழலும், விட்டால் நிற்கும். புகை இல்லை. சத்தம் குறைவு, ஆனாலும் நெடுநேரம் ஓட்டினால் காதடைப்பான் போடத்தான் வேண்டும்.

இதன் குறை நேரம். கடைக்காரர் “18 வோல்ட், 4 அம்பியர் மணி” என்றால் இரண்டையும் பெருக்குங்கள். 72 வாட் மணி வரும். அடர்ந்த புல்லில் மெசின் 300 வாட் அளவில் இழுத்தால், கால் மணித்தியாலத்தில் பற்றரி தீர்ந்துவிடும். பெட்டியில் அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் என்று அச்சிட்டிருப்பது மெல்லிய புல்லில் மெதுவாக ஓட்டினால் கிடைப்பது. 36 வோல்ட், 4 அம்பியர் மணி என்றால் அதைப்போல இரு மடங்கு.

செலவில் பற்றரிதான் வெல்கிறது. 72 வாட் மணிப் பற்றரியை நிரப்ப, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால், மின்சாரத்தில் ஓர் அலகின் பத்தில் ஒரு பங்குதான் போகும். பெற்றோல் மெசினோ ஒரு மணித்தியாலத்துக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை குடிக்கும். ஆனால் பற்றரிக்கும் ஆயுள் உண்டு. சில நூறு தடவை நிரப்பிய பின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வயதாகும். புதிய பற்றரியின் விலை சில வேளை மெசினின் பாதி விலையைத் தொடும். ஆகவே வாங்கும்போதே, “இந்தப் பற்றரி தனியாகக் கிடைக்குமா? என்ன விலை?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கிணற்றை மறக்க வேண்டாம்

யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு விடயம் இருக்கிறது. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் கிணற்று நீரில். செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மேலே சிந்துவது கீழே இறங்கிவிடும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்து மக்கள் பட்ட பாட்டையும், 2019இல் உயர் நீதிமன்றம் நட்ட ஈடு வழங்கத் தீர்ப்பளித்ததையும் அறிவீர்கள். அது மின் நிலையத்தோடு சம்பந்தப்பட்ட பெரிய விவகாரம். உங்கள் வீட்டு மெசினில் சிந்துவது சில துளிதான். ஆனாலும் பெற்றோல் மெசின் வாங்கினால், கிணற்றடியில் வைத்து எண்ணெய் கலக்காதீர்கள், தாங்கி நிரப்பாதீர்கள். சீமெந்துத் தரையில் பழைய துணி விரித்துப் புனல் வைத்து ஊற்றுங்கள். மிஞ்சிய கலவையை மண்ணில் கொட்டாதீர்கள். பெற்றோல் கேனைக் குசினியிலோ பிள்ளைகளுக்கு எட்டும் இடத்திலோ வைக்கவே கூடாது.

தட்டுப்பாடு வந்தால்?

“மின்சாரம் நின்றால் பற்றரி என்ன செய்யும்?” என்று மாமிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1990களில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோலும் இல்லை, பற்றரியும் இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. 2022இல் நாடெங்கும் இரண்டும் ஒன்றாகவே தட்டுப்பட்டன. மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா, அதுவும் வரிசையில் நின்று. ஆயினும் பற்றரியை மின்சாரம் வருகிற நேரத்தில் நிரப்பி வைக்கலாம். வரிசையில் நின்று வாங்கிய பெற்றோலைப் புல்லுக்கு ஊற்ற யாருக்கு மனம் வரும்? இரண்டும் இல்லாத நாளுக்கு உழவாரம் இருக்கிறது. மெசின் வந்தது என்று அதை எறிந்துவிடாதீர்கள். சுவரோரம், பூஞ்சாடி ஓரம், வேர்ப் புல் ஆகியவற்றுக்கு அதுதான் இன்றும் சிறந்தது.

யாருக்கு எது?

இப்போது கொக்குவில் சகோதரியின் கணக்குக்கு வருவோம். இரண்டு பரப்பு என்றால் 20 பேர்ச், சுமார் 5,400 சதுர அடி. வீடு, கிணற்றடி, சீமெந்து முற்றம் போக, புல் வளர்வது பாதியளவு இருக்கலாம். அவருக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஒரே ஒரு தடவை, பெற்றோல் மெசினோடு வரும் ஆளைக் கூலிக்குப் பிடித்து, வளர்ந்து நிற்பதை எல்லாம் அடியோடு வெட்டுவியுங்கள். அதற்குப் பிறகு பற்றரி மெசின் ஒன்றை, முடிந்தால் 36 அல்லது 40 வோல்ட்டில், இரண்டு பற்றரிகளோடு வாங்குங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, ஒரு நாள் முன்பக்கம், மறுநாள் கோடிப்புறம் என்று பிரித்து வெட்டுங்கள். புல் கணுக்கால் உயரத்தைத் தாண்ட விடாவிட்டால் பற்றரி தாராளமாகப் போதும். யாரையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

நான்கு ஐந்து பரப்புக்கு மேல் காணியோ தென்னந்தோட்டமோ உள்ளவர்களுக்கும், பற்றை மண்டிய காணியைத் திருத்துகிறவர்களுக்கும் பெற்றோல் மெசின்தான் சரி. ஒரு பரப்புக்கும் குறைவான முற்றம் என்றால் மெசினே வேண்டாம். உழவாரமும் விளக்குமாறும் போதும். எதை வாங்கினாலும், பழுது பார்ப்பவரும் உதிரிப் பாகமும் யாழ்ப்பாண நகரிலேயே கிடைக்குமா என்று விசாரித்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

வெட்டும்போது

முதலில் ஒரு தடியோடு வளவைச் சுற்றி வந்து புல்லைத் தட்டுங்கள். கல், கம்பி, போத்தல், சிரட்டை எல்லாவற்றையும் பொறுக்குங்கள். பாம்பு இருந்தால் விலகிப் போக வழி கிடைக்கும், நுளம்புக்கும் வேலை முடிந்துவிடும். நெடுங்காலம் ஆள் புழங்காத காணியில் சந்தேகமான உலோகப் பொருள் ஏதும் கண்டால் தொடாமல் விலகி 119க்கு அறிவியுங்கள்.

மூடிய சப்பாத்து, கண்ணாடி, நீண்ட காற்சட்டை அவசியம். தொங்கும் அபாயாவும் முந்தானையும் சுழலும் தலைக்கு அருகே ஆகாது. பர்தாவின் நுனியை உள்ளே செருகிவிடுங்கள். பர்தாவின் மேல் மாட்டும் காதுமூடி சரியாக ஒட்டாது. காதுக்குள் வைக்கும் சிறு அடைப்பான்தான் நல்லது. பிள்ளைகளும் ஆடு கோழிகளும் பதினைந்து மீற்றருக்கு அப்பால் இருக்க வேண்டும். தங்கூசியில் பட்ட சிறு கல் சன்னம்போலப் பறக்கும். முருங்கை, மாதுளைக் கன்றுகளின் அடியில் தங்கூசி பட்டால் பட்டை உரிந்து கன்று பட்டுவிடும். அவற்றைச் சுற்றிக் கையால் பிடுங்குங்கள். அறுந்த தங்கூசித் துண்டுகளையும் பொறுக்கிவிடுங்கள். அவை உக்காது.

தங்கூசி பழசாகி முறிகிறதென்றால் ஒரு நாள் தண்ணீரில் ஊறப் போடுங்கள், மீண்டும் வளைந்து கொடுக்கும். கோடை வந்து புல் காய்ந்ததும் பெற்றோல் மெசினின் தாங்கியை வெறுமையாக்கி, நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். இல்லாவிட்டால் தேங்கிய பெற்றோல் பிசினாகிக் காபரேட்டரை அடைக்கும். பற்றரியைப் பாதி நிரப்பி, தகரக் கொட்டிலில் அல்லாமல் வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். வெட்டி முடித்துச் சூடாக இருக்கும்போது சார்ஜரில் போடாதீர்கள்.

பாம்பு தீண்டினால் கீறவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸில் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

சகோதரிகளே, பெரிய மெசின் வாங்கி மாதத்துக்கு ஒருமுறை காட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, சிறியதை வைத்துப் பத்து நாளுக்கு ஒருமுறை வளவைச் சுற்றி வருவது மேல். சிரட்டையும் கண்ணில் படும், பிள்ளைகளும் பயமின்றி விளையாடுவார்கள். உங்கள் வளவுக்கு எது பொருந்தியது என்று எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.