மழலை வகுப்பு மனப்பாட வகுப்பு அல்ல!

தலையங்கம்

மூணு வயசுப் பிள்ளை கையில் பென்சிலைத் திணித்து, நாலு கோடு நோட்டை விரித்து, "ஒழுங்கா எழுது" என்கிறோம். பக்கம் பக்கமாக எழுதினால் நல்ல பள்ளிக்கூடம், விளையாட விட்டால் சும்மா பள்ளிக்கூடம். இப்படித்தான் நம்மில் பலர் கணக்குப் போடுகிறோம். இந்தக் கணக்கு தப்பு, தோழர்களே.

மணிக்கட்டில் எட்டு சிறிய எலும்புகள் உண்டு. மூன்று, நான்கு வயதில் அவற்றில் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அந்தக் கை எழுதத் தயாராக வேண்டுமானால் முதலில் களிமண் பிசையணும், மணி கோர்க்கணும், காகிதம் கிழித்து ஒட்டணும், மணலில் விரலால் கோடு இழுக்கணும். புள்ளி வைத்துக் கோலம் போடும் விரலுக்கு 'அ' எழுத வருவது சுலபம். இது விளையாட்டு இல்லை, எழுத்துக்கான பயிற்சியே இதுதான்.

கணக்கும் அப்படித்தான். ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் "அஞ்சு புளியங்கொட்டை எடுத்துக் கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் தடுமாறும். சொல் தெரியும், அளவு தெரியாது. பல்லாங்குழியில் பதினாலு குழிக்கும் ஒவ்வொரு முத்தாகப் போட்டு வரும் குழந்தைக்கு எண்ணவும் தெரிகிறது, பங்கு பிரிக்கவும் தெரிகிறது, தன் முறை வரும்வரை காத்திருக்கவும் தெரிகிறது.

அறிவியலுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். இலை மிதக்கும், கல் மூழ்கும், "தேங்காய் என்னாகும்?" என்று கேட்டுவிட்டு குழந்தையையே போட்டுப் பார்க்கச் சொல்லலாம். ஈரத்துணியில் பச்சைப்பயறு முளைப்பதை நாலு நாள் பார்த்த பிள்ளை அதை மறக்காது. மொழிக்கு ஒரு கதை, ஒரு பாட்டு, "அப்புறம் என்னாச்சு?" என்ற ஒரு கேள்வி. இதில் எதற்கும் ஆயிரக்கணக்கில் செலவு இல்லை. தேவைப்படுவது நேரமும், பயிற்சி பெற்ற ஒரு மனுஷியும்தான்.

இது புதுசாக யாரும் கண்டுபிடித்ததும் இல்லை. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கென்றே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. என்.சி.இ.ஆர்.டி. 2019-இல் வெளியிட்ட முன்பருவப் பாடத்திட்டம், இந்த வயதில் வாய்மொழித் தேர்வும் வேண்டாம், எழுத்துத் தேர்வும் வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆனாலும் எல்கேஜி பிள்ளைக்குப் பரீட்சை அட்டவணை கொடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. யார் கேட்கிறார்கள்?

சிக்கல் எங்கே என்று பார்ப்போம்.

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு? 45-ஆவது பிரிவின்படி அரசு "முயல வேண்டும்", அவ்வளவுதான். மேலே இருப்பவனுக்கு உரிமை, கீழே இருப்பவளுக்கு முயற்சி! அஸ்திவாரத்தை விருப்பம்போல் வைத்துவிட்டு மாடியை மட்டும் சட்டம் போட்டுக் கட்டுகிறோம்.

அதனால் என்ன நடக்கிறது? 2019-இல் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கப்பட்டன. 2022-இல் அந்த வகுப்பு ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் வகுப்புகள் தொடரும் என்ற அறிவிப்பு வந்தது. பிறகு தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள், மாதம் 5,000 ரூபாய்க்கு. ஒரு தலைமுறையின் முதல் பாடத்துக்கு நாம் வைத்த விலை இது.

அங்கன்வாடி டீச்சரின் நிலைமையோ இன்னும் மோசம். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் ஆறு சேவைகள். சத்துணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவப் பரிந்துரை, தாய்மாருக்கு ஆலோசனை, இவற்றோடு முன்பருவக் கல்வி. 2021 முதல் கைபேசிச் செயலியிலும் எல்லாவற்றையும் பதிவு செய்யணும். எடை பார்த்து, உயரம் அளந்து, சமையலைக் கவனித்து, வீடு வீடாக நடந்து முடித்தபின் கதை சொல்ல நேரம் எங்கே மிச்சம்? டீச்சரைக் குறை சொல்வது சுலபம். ஆறு பேர் வேலையை ஒருத்தி தலையில் கட்டியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

அரசு மையத்தில் பாட்டும் கதையும் இல்லாவிட்டால், கூலி வேலைக்குப் போகும் அம்மாகூட வட்டிக்கு வாங்கித் தனியார் நர்சரியில் சேர்க்கிறார். அங்கே பணம் கட்டி வாங்குவதும் பல நேரம் அதே நாலு கோடு நோட்டுதான். ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டும் இல்லை, படிப்பும் இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

▪ ஒவ்வொரு அங்கன்வாடியிலும் முன்பருவக் கல்விக்கென்றே பயிற்சி பெற்ற ஒரு ஆசிரியர் வேண்டும். நிரந்தரப் பணி, காலமுறை ஊதியம்.

▪ களிமண், வண்ணம், கட்டைகள், படக்கதைப் புத்தகங்கள் ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன்பே மையத்துக்கு வந்து சேர வேண்டும்.

▪ மழலை வகுப்பில் தேர்வும் வீட்டுப்பாடமும் கூடாது. அரசு, தனியார் என்ற பாகுபாடில்லாமல் இதைக் கண்காணிக்க வேண்டும்.

▪ மூன்று முதல் ஆறு வயது வரையிலான கல்வியும் சட்டப்படியான உரிமை ஆக வேண்டும்.

பெற்றோரே, உங்களிடமும் ஒன்று. சாயங்காலம் பிள்ளையை அழைத்து வரும்போது "இன்னைக்கு என்ன எழுதின?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன செஞ்ச? என்ன கதை கேட்ட?" என்று கேளுங்கள். பிள்ளையிடம் பதில் இல்லை என்றால், மறுநாள் மையத்துக்குப் போய்க் கேளுங்கள். அங்கேயும் பதில் இல்லை என்றால் கிராமசபையில் எழுந்து நின்று கேளுங்கள். உங்களோடு நாங்களும் நிற்போம்.

சட்டையில் மண்ணோடு வீட்டுக்கு வரும் குழந்தை அன்றைக்கு ஏதோ கற்றிருக்கிறது. அந்த மண் நம் எல்லாப் பிள்ளைகளின் சட்டையிலும் ஒட்டட்டும்!