கொழுப்பு உறைக்குள் ஒரு சீட்டு

"புற்றுநோய்க்கு ஊசி வந்துவிட்டதாமே! போட்டுக்கொண்டால் நமக்கு வரவே வராதாமே?" என்று சகோதரிகள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இது வேறு சமாசாரம்.

நம் உடம்பின் செல்களுக்குள் ஓயாமல் சமையல் நடக்கிறது. எந்தப் புரதத்தை எப்படிச் செய்வது என்று எழுதிய செய்முறைச் சீட்டுதான் எம்.ஆர்.என்.ஏ. நாமே ஒரு சீட்டு எழுதி அனுப்பினால், வேண்டிய புரதத்தை உடம்பே தயாரித்துவிடும். ஆனால் இரண்டு தொல்லைகள். வெளியிலிருந்து வரும் சீட்டை உடம்பு எதிரி என்று நினைத்து ஆர்ப்பாட்டம் செய்யும். சீட்டும் வழியிலேயே சிதைந்துபோகும்.

முதல் தொல்லைக்கு 2005-ல் வழி கண்டார்கள், ஹங்கேரியில் பிறந்த காத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும். சீட்டில் ஓர் எழுத்தைச் சற்றே மாற்றினார்கள், உடம்பு சாந்தமாகிவிட்டது! ஆராய்ச்சிக்குப் பணம் கிடைக்காமல் பதவி இறக்கப்பட்டவர் அந்த அம்மாள். 2023-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

இரண்டாவதற்கு நம் கொழுக்கட்டைதான் உதாரணம். சீட்டு பூரணம், மேல்மாவு கொழுப்பு. இந்தக் கொழுக்கட்டை தலைமுடியின் பருமனில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்குதான். செல் இதை ஒரு சின்னப் பைக்குள் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பையில் புளிப்பு அதிகம். எலுமிச்சை பட்ட பால் திரிகிறதல்லவா? அதுபோலப் புளிப்புப் பட்டதும் கொழுப்பின் குணம் மாறி, பையைக் கிழித்துச் சீட்டை வெளியே விடுகிறது. கோவிட் ஊசிகள் சில 2020-ல் இப்படித்தான் வந்தன.

சரி, புற்றுநோய்க்கு? அது நம் செல்லே கெட்டுப்போனது. அதனால் உடம்பின் காவல்காரர்கள் பல சமயம் அடையாளம் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியைச் சோதித்து, அந்த ஒரு நோயாளியின் கட்டிக்கே உரிய அடையாளங்களை, 34 வரைகூட, சீட்டில் எழுதி ஊசியாகப் போடுகிறார்கள். "இவனைப் பிடி" என்று காவலுக்குப் படம் காட்டுவது மாதிரி!

மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை அறுத்தெடுத்த 157 பேரிடம் மாடர்னா, மெர்க் கம்பெனிகள் பரீட்சை செய்தன. பெம்ப்ரோலிசுமாப் மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, இந்த ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44 சதவீதம் குறைவு என்று 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். 2023-ல் பெரிய பரீட்சை தொடங்கியது. களைப்பு, குளிர், ஊசி போட்ட இடத்தில் வலி உண்டு.

ஆக, இது நோய் கண்டவருக்கான சிகிச்சை, வருமுன் காப்பதல்ல. யாராவது "புற்றுநோய் ஊசி" என்று பொதுவாகச் சொல்லிப் பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

வருமுன் காக்கவும் ஒரு ஊசி உண்டு: கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தை வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் மார்பில் கட்டி தட்டுப்பட்டால், "வலிக்கலையே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாமல் அந்த வாரமே காட்டிவிடுங்கள். அடுப்பு வேலை காத்திருக்கும், கட்டி காத்திருக்காது.