சட்டத்துக்குக் கண் வேண்டும்!

வீடு வாங்குவோரைக் காக்க நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் ஓர் இணையதளத்தை நம்பியே நிற்கிறது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் அப்படிப்பட்டதுதான். 'ரெரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சட்டத்தின் கண்ணாக இருப்பது ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளம். அந்தக் கண் மங்கினால் சட்டமும் தடுமாறும்.

2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமான இந்த மசோதா, தேர்வுக் குழுவின் பரிசீலனைக்குச் சென்று திரும்பி, 2016 மார்ச் 10-இல் மாநிலங்களவையிலும் மார்ச் 15-இல் மக்களவையிலும் நிறைவேறியது. 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அபராதம், சிறைத் தண்டனை, தனி வங்கிக் கணக்கு ஆகியவை குறித்து நிறையப் பேசியாயிற்று. இணையதளம் பற்றிய பிரிவுகள்தாம் போதிய கவனம் பெறவில்லை.

அந்தப் பிரிவுகள் தெளிவானவை. பதிவு பெற்ற ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆணையத்தின் தளத்தில் ஒரு பக்கம் இருக்க வேண்டும். எத்தனை வீடுகள் முன்பதிவாகியுள்ளன, எந்தெந்த அனுமதிகள் கிடைத்துள்ளன, எவை நிலுவையில் உள்ளன, பணி எந்த நிலையில் உள்ளது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும்படி கட்டுமான நிறுவனம் அதில் பதிவிட வேண்டும். முன்பதிவு, அனுமதி விவரங்களைக் காலாண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கிறது 11-ஆவது பிரிவு. பதிவு ரத்தான, தண்டிக்கப்பட்ட நிறுவனத்தாரின் பெயரையும் புகைப்படத்தையும் காரணத்தோடு தளத்தில் வெளியிட வேண்டும் என்கிறது 34-ஆவது பிரிவு.

இவ்வளவு வெளிப்படைத்தன்மை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நொய்டாவே சாட்சி. அங்கும் கிரேட்டர் நொய்டாவிலும் ஆம்ரபாலி குழுமத்திடம் பணம் கட்டிய 42,000-க்கும் மேற்பட்டோர் வீடின்றித் தவித்தனர். அவர்களது பணம் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டது தடயவியல் தணிக்கையில் தெரியவந்தது. 2019 ஜூலை 23-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குழுமத்தின் ரெரா பதிவை ரத்து செய்து, மிச்சப் பணியை அரசுத் துறை நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைத்தது. பணம் போன பிறகு கிடைக்கும் நீதியைவிட, பணம் கட்டும் முன்பே கிடைக்கும் தகவல் மேலானது. அந்தத் தகவலைத் தருவதற்காகவே இணையதளம்.

ஆனால், தளம் இருப்பது வேறு, அது பயன்படுவது வேறு. ஆவணங்களை ஒளிநகல் படங்களாக ஏற்றிவிட்டால் சட்டத்தின் சொல் நிறைவேறிவிடும், நோக்கம் நிறைவேறாது. படமாகக் கிடக்கும் ஆவணத்தில் தேட முடியாது, கூட்டிக் கழிக்க முடியாது, இரு திட்டங்களை ஒப்பிட முடியாது. எண்ணும் தேதியும் தனித்தனிக் கட்டங்களில் தரவாகப் பதிவாக வேண்டும். அப்போதுதான் காலாண்டு விவரம் தராத நிறுவனத்தைக் கணினியே கண்டுபிடித்து எச்சரிக்க முடியும்.

இரண்டாவது, பழைய விவரம் அழியக்கூடாது. பணி முடியும் தேதியை நீட்டிக்க 6-ஆவது பிரிவு இடமளிக்கிறது. கொவைட் காலத்தில், 2020 மார்ச் 25-க்குப் பின் காலக்கெடு முடியும் திட்டங்களுக்கு ஆறு மாத நீட்டிப்பு அளிக்குமாறு மத்திய அரசு அறிவுறுத்தியது. நீட்டிப்பு நியாயமானதாகவே இருக்கட்டும். ஆனால், புதிய தேதி பழைய தேதியின் மேல் எழுதப்பட்டால், முதலில் தந்த வாக்குறுதி என்ன என்பதே மறைந்துவிடும். ஒவ்வொரு மாற்றமும், அது செய்யப்பட்ட நாளும் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

மூன்றாவது, ஆளை அடையாளம் காண்பது. கட்டுமானத் தொழிலில் ஒரே குழுமம் திட்டத்துக்கொரு நிறுவனம் தொடங்குவது வழக்கம். நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், முந்தைய நிறுவனத்தின் மீதுள்ள புகார் கண்ணில் படாது. நிறுவன விவகார அமைச்சகம் ஒவ்வோர் இயக்குநருக்கும் தனி அடையாள எண் வழங்குகிறது. அந்த எண்ணோடு திட்டங்களை இணைத்தால், ஒருவர் எங்கெங்கே வாக்குத் தவறினார் என்பது ஒரே சொடுக்கில் தெரியும்.

நான்காவது, நிலம். திட்ட எல்லையின் அட்சரேகை, தீர்க்கரேகை விவரங்களை விண்ணப்பத்திலேயே தர வேண்டும் என்கிறது 4-ஆவது பிரிவு. அதை வரைபடத்தில் காட்டினால், ஒரே நிலம் இரு திட்டங்களில் சேர்க்கப்பட்டிருந்தாலும் நீர்நிலை அடங்கியிருந்தாலும் உடனே புலப்படும். எண்களாகக் கோப்பில் கிடந்தால் யாருக்கும் பயனில்லை.

இவற்றோடு, கைப்பேசியில் விரைந்து திறப்பதும் மாநில மொழியில் இருப்பதும் அடிப்படைத் தேவைகள். அதே வேளையில் வீடு வாங்கியவர்களின் பெயர், கைப்பேசி எண் போன்ற தனிப்பட்ட விவரங்கள் கசியக் கூடாது. முடியாத காரியம் எதையும் கேட்கவில்லை. 2023 ஆகஸ்ட் 1 முதல் விளம்பரங்களில் கியூஆர் குறியீடு கட்டாயம் என்றது மகாராஷ்டிர ஆணையம். கைப்பேசியைக் காட்டினால் திட்டத்தின் பக்கம் திறக்கும். எளிய தொழில்நுட்பம், பெரிய பயன்.

சிறிய நிறுவனங்களுக்கு இது கூடுதல் சுமை என்று தொழில்துறையினர் வாதிடக்கூடும். சட்டப்படி தந்தே ஆக வேண்டிய விவரங்களைத்தான் ஒழுங்கான வடிவில் தரச் சொல்கிறோம். உண்மையில், ஒரே படிவம் இருந்தால் பல மாநிலங்களில் தொழில் செய்வோரின் வேலை குறையும்.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2025 செப்டம்பரில் ஒருங்கிணைந்த ரெரா இணையவாசலைத் தொடங்கியது. வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால், வாசல் ஒன்றானால் போதாது. உள்ளே ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் விவரம் சேர்த்தால் ஒப்பீடு இயலாது. மாநில உரிமையில் தலையிடுவதாகவும் இதைக் கருத வேண்டியதில்லை. ரெராவுக்குப் போட்டியாக மேற்கு வங்கம் இயற்றிய தனிச் சட்டத்தை 2021 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. இத்துறையில் நாடாளுமன்றம் வகுத்த நெறியே மேலோங்கும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது. சட்டத்தின் 41-ஆவது பிரிவின்கீழ் அமைந்த மத்திய ஆலோசனைக் குழுவில் மாநிலங்களுக்கும் இடமுண்டு. எல்லா மாநிலங்களுக்கும் பொதுவான தரவு வடிவத்தை அக்குழு பரிந்துரைக்கட்டும்.

நாட்டில் எத்தனை திட்டங்கள் பதிவாகியுள்ளன என்று உறுப்பினர்கள் அவையில் கேட்கிறார்கள், அமைச்சர்களும் எண்ணிக்கையை அடுக்குகிறார்கள். இனி கேள்வி மாற வேண்டும். கடந்த காலாண்டில் எத்தனை திட்டங்களின் பக்கங்கள் புதுப்பிக்கப்பட்டன, புதுப்பிக்காதவர்கள் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்க வேண்டும். இதற்கு அமைச்சரால் விடை தர முடிகிறதா என்பதே சட்டத்தின் பார்வைக்கு வைக்கும் சோதனை. வாழ்நாள் சேமிப்பை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, வாடகையும் வங்கித் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு நாடாளுமன்றம் செய்யக்கூடிய குறைந்தபட்ச உதவி இது.