நான்ஜிங்கின் கடைசி பெஞ்சுகள்



சீனாவின் கல்வி என்றாலே பேச்சு காவ்காவ் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில்தான் போய் நிற்கும். 2024இல் அதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். ஆனால் நகரத்துப் பெற்றோரின் தூக்கத்தைக் கெடுப்பது அதற்கு மூன்றாண்டு முன்பே வந்துவிடும் இன்னொரு தேர்வு. பெயர் ஜோங்காவ். ஒன்பதாண்டுக் கட்டாயக் கல்வி முடிகிறபோது, சுமார் 15 வயதில் எழுத வேண்டும். நல்ல மதிப்பெண் வந்தால் மேல்நிலைப் பள்ளி, பிறகு காவ்காவ். வராவிட்டால் தொழிற்பள்ளி. இரண்டு பக்கமும் ஏறத்தாழச் சரிபாதிப் பிள்ளைகள் சேர வேண்டும் என்பது 1985லேயே கட்சியின் மத்தியக் குழு வகுத்த இலக்கு.

அந்தத் தொழிற்பள்ளி வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்தவர் மானுடவியலாளர் டி.இ. வோரோனோவ். 2007-08இல் நான்ஜிங் நகரில் செய்த களப்பணியை வைத்து அவர் எழுதிய நூல் 2015இல் வெளியானது. ஊரே ‘மக்கு, சோம்பேறி’ என்று முத்திரை குத்திய பிள்ளைகளை அவர் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு புதிய உழைக்கும் வர்க்கம் இங்கே உருவாகிறது என்றார். இவர்கள் தாத்தா காலத்து ஆலைத் தொழிலாளிகள் அல்லர். கடையிலும் ஓட்டலிலும் சிறு அலுவலகத்திலும் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்து, சில மாதங்களில் வேறு இடம் தேடுகிறவர்கள். நகரத்தின் சேவைத் தொழில்கள் இவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. மரியாதை மட்டும் கிடைப்பதில்லை.

யார் வீட்டுப் பிள்ளைகள் இவர்கள்? வேலை தேடி நகரத்துக்கு வந்த கிராமத்தார், தொண்ணூறுகளில் அரசு ஆலைகள் ஆட்குறைப்பு செய்தபோது வேலை இழந்தவர்கள் போன்றோரின் பிள்ளைகளை இங்கே நிறையப் பார்க்கலாம். வசதியுள்ளவர்கள் நல்ல பள்ளியின் எல்லைக்குள் பழைய சின்ன வீடாக இருந்தாலும் கொள்ளை விலை கொடுத்து வாங்குவார்கள்; டியூஷனுக்கும் கொட்டுவார்கள். 2021இல் லாப நோக்கு டியூஷன் நிறுவனங்களை அரசு முடக்கியது. பணம் உள்ளவர்கள் வீட்டுக்கே ஆசிரியரை வரவழைத்துக்கொண்டார்கள். தேர்வுத் தாள் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது உண்மை. அதற்கு முந்தைய ஒன்பது ஆண்டுகள் எல்லோருக்கும் ஒன்றல்லவே! ஹூகோவ் என்னும் குடிப்பதிவு வேறு குறுக்கே நிற்கும். ஷாங்காயில் வெளியூர்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு 2008இல் தொழிற்பள்ளிக் கதவைத் திறந்துவிட்டார்கள். மேல்நிலைப் பள்ளிக் கதவு பெரும்பாலோருக்கு மூடியே கிடந்தது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு பழைய சங்கதி. எண்பதுகளில் இதே வயதுப் பிள்ளைகளுக்கான தொழில்நுட்பப் பள்ளிகளில் இடம் பிடிக்கக் கிராமங்களின் முதல் மாணவர்கள் முட்டி மோதினார்கள். மேல்நிலைப் பள்ளியே வேண்டாம் என்று வந்தவர்கள் அவர்கள். காரணம் எளிது: படித்து முடித்தால் அரசே வேலை ஒதுக்கும், நகரக் குடிப்பதிவும் கூடவே வரும். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 1999இல் பல்கலைக்கழகங்கள் இடங்களைப் பெருமளவு கூட்டின. தொழில்நுட்பப் பள்ளிகளின் மவுசு போயிற்று. ஆக, மரியாதை பாடத்தில் இல்லை, படித்து முடித்தபின் கிடைக்கும் வேலையில் இருந்தது.

2022 மே 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட சட்டம், தொழிற்கல்வியும் பொதுக்கல்வியும் சம முக்கியத்துவம் உடையவை என்கிறது. நல்ல வாக்கியம். ஆனால் வேலை விளம்பரம் பட்டம் கேட்கிறவரை எந்தப் பெற்றோரும் அதை நம்பித் தன் பிள்ளையைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பப்போவதில்லை.

வோரோனோவின் நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்கள் அவசியம் படியுங்கள். அதிலிருந்து ஓர் அத்தியாயத்தையாவது தமிழில் சுருக்கித் தர யாரேனும் முன்வந்தால் எழுதுங்கள். பக்கம் ஒதுக்க நான் தயார்.

அன்புடன்,
ஆசிரியர்