படிக்காமலே தடை செய்த புத்தகம்

2022 ஆகஸ்ட் 12. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஷடாக்வா என்ற ஊரில் ஒரு கூட்டம். நாடு விட்டு நாடு ஓடி வரும் எழுத்தாளர்களுக்கு அடைக்கலம் தருவது பற்றிப் பேச, 75 வயது சல்மான் ருஷ்டி மேடையில் உட்கார்ந்திருந்தார். 24 வயது இளைஞன் ஒருவன் மேடைக்கு ஓடிப்போய் அவரைக் கத்தியால் குத்தினான். ருஷ்டி பிழைத்துக்கொண்டார். ஆனால் வலது கண் போய்விட்டது.

சில நாள் கழித்துச் சிறையிலிருந்தே அந்த இளைஞன் ஒரு பத்திரிகைக்குப் பேசினான். 'தி சாட்டானிக் வெர்சஸ்' நாவலில் அவன் படித்தது எவ்வளவு தெரியுமா? ஓரிரு பக்கம்! அவன் பிறப்பதற்குச் சுமார் பத்து வருடம் முன்பே வந்த புத்தகம் அது. 2025 மே மாதம் அவனுக்கு 25 வருட சிறைத்தண்டனை கிடைத்தது.

சரி, அவனை விடுங்கள். படிக்காமலே கோபப்படுவதை அவனா கண்டுபிடித்தான்? அதில் இந்தியாவுக்குப் பழைய அனுபவம் உண்டு.

அந்த நாவல் 1988 செப்டம்பர் 26 அன்று இங்கிலாந்தில் வெளியானது. அக்டோபர் 5 அன்று ராஜீவ் காந்தி அரசு அதன் இறக்குமதிக்குத் தடை போட்டது. இடையில் ஒன்பதே நாள். தடை கேட்டவர்களில் முன்னால் நின்ற நாடாளுமன்ற உறுப்பினர் சையத் சகாபுதீன், தான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லை என்பதைப் பத்திரிகையிலேயே ஒளிக்காமல் எழுதினார். அரசின் விளக்கம் அதைவிட வேடிக்கை. இந்தத் தடையால் நாவலின் இலக்கியத் தரம் குறைந்துவிடாது என்றது நிதி அமைச்சகம். நல்ல விமர்சனத்துக்கு நன்றி என்று ருஷ்டி கிண்டலாகப் பதில் எழுதினார்.

அப்போது ஈரானின் கொமேனி வாயே திறக்கவில்லை. கொலை ஃபத்வா வந்தது 1989 பிப்ரவரி 14 அன்றுதான். அதாவது ஒரு மதச்சார்பற்ற ஜனநாயக அரசு, மதத் தலைவர் ஒருவருக்கு நாலு மாதம் முன்னாலேயே முந்திக்கொண்டது. தடை போட்டால் அமைதி வந்துவிடும் என்பதுதான் கணக்கு. வந்ததா? ஃபத்வா வந்த பத்தாவது நாள் பம்பாயில் ஊர்வலம், கலவரம், துப்பாக்கிச்சூடு... 12 பேர் செத்தார்கள். புத்தகமே கிடைக்காத ஊரில்!

ருஷ்டிக்காவது போலீஸ் பாதுகாப்பு இருந்தது. ஹிதோஷி இகராஷி என்ற ஜப்பானியப் பேராசிரியருக்கு அதுவும் இல்லை. நாவலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தவர் அவர். 1991 ஜூலையில் அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்திலேயே குத்திக் கொல்லப்பட்டார். அவர் இஸ்லாமியப் பண்பாட்டை ஆசையோடு படித்த அறிஞர். இப்னு சினாவின் மருத்துவ நூலை ஜப்பானியர்களுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். இஸ்லாத்தின் பெருமையை ஜப்பானில் பேச இருந்த ஒருவரை இஸ்லாத்தின் பெயரால் கொன்றிருக்கிறார்கள். கொன்றது யார் என்று கடைசிவரை கண்டுபிடிக்கவே இல்லை.

இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா அந்த மதமே இப்படித்தான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். மாதொருபாகனுக்கு நடந்தது என்ன? 2010-ல் வந்த நாவல். நாலு வருடம் அமைதியாகக் கடையில் இருந்தது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் அதன் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். ஊர் கொதித்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் 'அமைதிப் பேச்சுவார்த்தை' நடத்தினார்கள். முடிவில் மன்னிப்பு எழுதிக் கொடுத்தவர் மிரட்டியவர்கள் இல்லை, மிரட்டப்பட்ட பெருமாள்முருகன். அந்தக் காகிதம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2016 ஜூலை வரை ஆனது. சாமி வேறு, ஊர் வேறு. வழிமுறை அச்சு அசல் ஒன்றுதான்.

மனம் புண்படுவது பொய்யா என்று கேட்கலாம். பொய் இல்லை. தான் உயிராக நினைப்பதை ஒருவர் கேலி செய்தால் வலிக்கத்தான் செய்யும். படித்துப் புண்பட்டவர் பதில் எழுதட்டும், திட்டட்டும், புத்தகத்தைத் தூக்கி எறியட்டும். அது அவர் உரிமை. ஆனால் யாரோ சொல்லிப் புண்பட்டவருடைய கோபம் அவருடையது இல்லையே! சொல்லிக் கொடுத்தவனுடையது. அவனுக்குத் தேர்தல் இருக்கலாம், கட்சி இருக்கலாம். அந்தக் கடன் வாங்கிய கோபத்துக்குப் பயந்துதான் அரசாங்கங்கள் எழுதியவன் வாயைப் பொத்துகின்றன. ராஜீவ் அரசில் உள்துறை இணை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம், அந்தத் தடை தவறு என்று 2015-ல் சொன்னார். 27 வருடம் கழித்து!

இந்தக் கதையில் கடைசியாக ஒரு கூத்தும் நடந்தது. புத்தகத்தை இறக்குமதி செய்ய விரும்பிய ஒரு வாசகர், 2019-ல் தடையை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றம் போனார். தடை ஆணையைக் காட்டுங்கள் என்றது நீதிமன்றம். தேடினார்கள், தேடினார்கள், கிடைக்கவில்லை. எந்த அதிகாரியாலும் அதைக் கொண்டுவர முடியவில்லை. அப்படி ஓர் ஆணை இல்லை என்றே கொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் நீதிபதிகள் வழக்கை முடித்தார்கள். 36 வருடம் ஒரு நாடே பயந்தது காணாமல் போன ஒரு காகிதத்துக்கு. 2012-ல் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவில் அந்த நாவலிலிருந்து சில பகுதிகளை வாசித்த நாலு எழுத்தாளர்கள் ஊரைவிட்டே கிளம்ப வேண்டியிருந்ததும் அதே காகிதத்தின் புண்ணியம்தான்.

அடுத்த மாதமே டெல்லி கான் மார்க்கெட் கடையில் புத்தகம் விற்பனைக்கு வந்துவிட்டது. தடை திரும்ப வேண்டும் என்று சில அமைப்புகள் குரல் கொடுத்தன. வேண்டியவர்கள் இப்போது வாங்கிப் படித்துவிட்டே கோபப்படலாம். பொறுமை மட்டும் கொஞ்சம் வேண்டும், சுலபமாகப் படித்து முடிக்கிற நாவல் இல்லை அது.