வீட்டுக்குள் ஒரு குளம்: சக்கர் மீன் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

மீன் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு சக்கர் மீன் வாங்கிப் போட்டால் போதுமாமே? கண்ணாடியிலே பிடிக்கிற பாசியை எல்லாம் அதுவே தின்னுடுமாம். தண்ணியே மாத்த வேண்டாமாம்!"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சம்பளமில்லாத வேலையாள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் விஷயம் அப்படியில்லை.

வாயைக் கிண்ணம்போல் அழுத்திக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் இந்த மீனைச் சில கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்றே விற்கிறார்கள். இதன் பூர்வீகம் தென் அமெரிக்க ஆறுகள். கல்லிலும் கட்டையிலும் படியும் பாசியை இரவு நேரத்தில் சுரண்டித் தின்னும். மற்ற மீன்களின் கழிவை இது தின்னாது. பாசி தீர்ந்தால் பட்டினிதான். போதாததற்கு, தின்பதும் கழிப்பதுமாகவே இருப்பதால் தொட்டியில் அழுக்கைக் கூட்டுவதிலும் இதுவே முதல் ஆள்! ஆகவே வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றும் வேலை நமக்குத்தான். பசித்த பெரிய சக்கர், மெதுவாக நீந்தும் கோல்டு ஃபிஷ்ஷின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் மேல்தோலைச் சுரண்டுவதும் உண்டு.

அதைவிடப் பெரிய சங்கதி, அதன் வளர்த்தி. கடையில் விரல் நீளம்தான் இருக்கும். விலையும் சொற்பம். ஆனால் நம் ஊரில் சாதாரணமாக விற்கிற சக்கர் ஒன்றரை அடி வரை வளரக் கூடியது. பத்து வருஷத்துக்கு மேலும் வாழும். நம் வீட்டுத் தொட்டியோ இரண்டடி. வயது வந்தபின் அது திரும்பிப் படுக்கக்கூட இடம் இருக்காது.

எங்கள் மண்டகப்பட்டில் எதிர்வீட்டுப் பெண் ஒருநாள் பிளாஸ்டிக் வாளியும் கையுமாகக் கிளம்பினாள். வாளிக்குள் முழங்கை நீளத்தில் ஒரு சக்கர்.

"தொட்டி பத்தலை அக்கா. ஏரியிலே விட்டுடறேன். பாவம், அதுவாவது நிம்மதியா இருக்கட்டும்."

"நல்ல மனசுதான்மா. ஆனா கொஞ்சம் இரு, உட்காரு" என்று திண்ணையில் உட்கார வைத்தேன். அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் ஊரின் பெருமை 7-ஆம் நூற்றாண்டுக் குகைக் கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்கு மகேந்திரவர்ம பல்லவன் அமைத்தது. இந்தச் சக்கர் மீனும் ஒரு குடைவரைக்காரன்தான். ஆனால் இது குடைவது ஏரிக்கரையை! முட்டையிடுவதற்காக ஆண் மீன் கரை மண்ணில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்கு வளை தோண்டும். ஒன்றல்ல, பத்தல்ல, கூட்டம் பெருகப் பெருகக் கரை முழுவதும் வளையாகிவிடும். அப்புறம் கரை சரியத் தொடங்கும்.

உடம்பு முழுக்கக் கெட்டியான தகடு, துடுப்பில் முள். வலையில் சிக்கினால் வலைதான் கிழியும். தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கும் கட்லாவுக்கும் கிடைக்க வேண்டிய இரையை இது தின்றுவிட்டால், ஏரியைக் குத்தகை எடுத்தவர் கதி என்ன? மழைக்காலத்தில் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கும் போய்விடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கேரளம், மேற்கு வங்கம், ஆந்திரம், நம் தமிழ்நாடு என்று பல இடங்களில் இந்த மீன் நீர்நிலைகளில் பிடிபட்டிருக்கிறது. 'பேய் மீன்' என்று பொருள்படும்படி ஆந்திர மீனவர்கள் இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். மெக்சிகோவில் இன்ஃபியர்னியோ என்ற நீர்த்தேக்கத்தில் திலேப்பியா பிடித்துப் பிழைத்தவர்களின் வலையில் ஒரு கட்டத்தில் இதுவே நிறைந்தது. எல்லாம் தொட்டியிலிருந்தும் பண்ணையிலிருந்தும் வெளியே போனவைதான்.

அந்தப் பெண் வாளியோடு திரும்பிப் போனாள். நாலு இடம் விசாரித்ததில், பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருந்த ஒருவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். உங்கள் வீட்டிலும் இப்படி நேர்ந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கப் பாருங்கள். அல்லது மீன்வளத் துறை அலுவலகத்தில் யோசனை கேளுங்கள். ஏரி, குளம், கிணறு, வாய்க்கால் மட்டும் வேண்டவே வேண்டாம்.

"அப்படியானால் சக்கரே வளர்க்கக் கூடாதா?" என்றால், தாராளமாக வளர்க்கலாம். பிரிஸ்டில்நோஸ் என்ற சின்ன ஜாதி ஒன்று இருக்கிறது. கடையில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அரை அடிக்கு மேல் வளராது. ஆணுக்கு மூஞ்சியில் கிளைகிளையாய் மீசை முளைத்திருக்கும். பெண்ணுக்கு அது இருக்காது, இருந்தாலும் சிறுசாக இருக்கும். 80 லிட்டர் பிடிக்கும் தொட்டியில் ஒரு ஜோடி வைக்கலாம். கப்பி, மோலி, பிளாட்டி மீன்களோடு சண்டையில்லாமல் இருக்கும். இரண்டு ஆண்களை மட்டும் சேர்த்து வைக்காதீர்கள், குகைக்காக அடித்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்குக் கடைக்குப் போக வேண்டாம். சமையலுக்கு நறுக்கும்போதே வெள்ளரி, சுரைக்காய், பசலைக் கீரையில் கொஞ்சம் எடுத்து, உப்பில்லாமல் வெந்நீரில் ஒரு நிமிஷம் போட்டு ஆறவையுங்கள். விளக்கணைத்தபின் தொட்டியில் போட்டு, மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். சுரண்டித் தின்ன ஒரு மரக்கட்டையும் அவசியம்.

ஏறக்குறைய ஒரு வயதில் குஞ்சு பொரிக்கத் தயாராகிவிடும். சின்ன மண்கலயமோ, வாசல் வெட்டிய கொட்டாங்கச்சியோ தொட்டியின் மூலையில் வையுங்கள். கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் மாற்றினால், மழை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும்! பெண் மீன் உள்ளே ஆரஞ்சு நிற முட்டைகளைக் கொத்தாக இட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் எல்லாம் அப்பாவின் பொறுப்பு. வாசலை அடைத்துக்கொண்டு துடுப்பால் விசிறி விசிறிக் காவல் காப்பார். சில வீடுகளில் இதைக் காட்டிப் பேச வேண்டியிருக்கிறது!

ஒரு வாரத்துக்குள் முட்டை பொரியும். வயிற்றிலுள்ள மஞ்சள் பை கரையும் வரை குஞ்சுக்கு இரை வேண்டாம். பிறகு அதே காய்கறிதான். குஞ்சுகள் நிறைய வரும். யாருக்குக் கொடுப்பது என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள். அதிகமானதை ஏரியில் விடும் பேச்சு இவற்றுக்கும் கூடாது.

கைக்குழந்தைக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. தண்ணீர் இறைக்கக் குழாயை வாயால் உறிஞ்சாதீர்கள். தொட்டியில் கைவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் வைத்திருந்து குளோரின் போன பிறகே ஊற்றுங்கள். சக்கரைப் பிடிக்க வலை வேண்டாம், முள் சிக்கிக்கொள்ளும். ஒரு டப்பாவால் மொண்டு எடுங்கள்.

சேலை எடுக்கும்போது முழம் போட்டுப் பார்க்கிறோமே, மீன் வாங்கும்போதும் அது எத்தனை முழம் வளரும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும். நம் தொட்டியும் பிழைக்கும், ஊர் ஏரியும் பிழைக்கும்.

அடுத்த இதழில், வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் சூடேறாமல் காப்பது எப்படி என்று பார்க்கலாம்.