ஆந்திரா மீல்ஸில் இல்லாத ஆந்திரா

சென்னையில் 'ஆந்திரா மெஸ்' என்று பலகை மாட்டினால் பருப்புப்பொடி, நெய், கோங்குரா, ஆவக்காய், கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு குழம்பு. ஆந்திரா என்றால் அவ்வளவுதான் என்று நம்மவர்கள் முடிவு கட்டி வெகுநாளாகிறது. அது பெரும்பாலும் கிருஷ்ணா, குண்டூர் பக்கத்துச் சாப்பாடு. ஆற்றுப் பாசனமும் நெல்லும் உள்ள சீமை. எனக்குச் சொந்த ஊர் ரேணிகுண்டா. சப்தகிரி எக்ஸ்பிரஸில் அரக்கோணம், புத்தூர் தாண்டி ஊருக்குப் போகும்போது நாக்கு கேட்பது வேறு.

ராகி சங்கடி. அரிசியை நிறையத் தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, அதன் தலையில் கேழ்வரகு மாவைக் கொட்டி, கிளறாமல் மூடிவிட வேண்டும். மாவு ஆவியில் வெந்த பிறகுதான் துடுப்புக்கு வேலை. அடுப்பைத் தணித்து, பாத்திரத்தைக் காலால் அண்டக் கொடுத்துக்கொண்டு, கட்டி விழாமல் கிண்டுவாள் என் சித்தி. தோள் வலிக்கிற வேலை. மிக்ஸி வந்தும் அதில் ஒன்றும் மிச்சமாகவில்லை. கையை ஈரமாக்கி உருட்டிய உருண்டையின் நடுவே குழித்து நெய், அதன்மேல் நாட்டுக்கோழிப் புலுசு. கோழி இல்லாத நாளில் வறுத்த செனக்காயும் (நம் நிலக்கடலைதான்) காய்ந்த மிளகாயும் பூண்டும் புளியும் சேர்த்து அரைத்த துவையல். எனக்கு இரண்டாவதுதான் ஒரு படி மேல். பட்டணத்துப் பிள்ளைகள் மென்றுகொண்டிருந்தால் சித்திக்குப் பொறுக்காது: "கடிக்காதேடா, முழுங்கு!"

வேலூர்க்காரர் யாரும் இதைப் பார்த்து வியக்கமாட்டார். 1911இல் வட ஆர்க்காட்டிலும் கடப்பையிலும் இருந்து பிரித்துச் சேர்த்ததுதானே சித்தூர் மாவட்டம். 2022இல் அதிலிருந்து திருப்பதி மாவட்டம் பிரிந்து, ரேணிகுண்டா அந்தப் பக்கம் போனது. மழை குறைந்த மேட்டு நிலத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் தாக்குப்பிடித்தன. சாப்பாடும் அதையொட்டியே அமைந்தது.

மெக்சிகோக்காரர்களுக்கும் இதே குறை உண்டு. வெளிநாட்டில் அவர்கள் சாப்பாடு என்றால் நொறுங்கும் டாக்கோவும் உருகிய சீஸும். அந்த நொறுங்கும் டாக்கோ அமெரிக்காவில் பரவிய சரக்கு. ஊருக்குத் திரும்புகிறவர் தேடுவது வஹாகாவில் பலவகை மிளகாய் அரைத்துச் செய்யும் மோலேயை, யுகடானில் வாழையிலையில் சுற்றிப் புதைத்து வேகவைக்கும் பன்றிக்கறியை. 2010இல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலைப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அவர்களுக்கு நாம் பட்ட கடனும் உண்டு. சித்தியின் மிளகாயும், மதனப்பள்ளிச் சந்தையில் மலையாகக் குவியும் தக்காளியும் அந்தப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. நிலக்கடலை தென் அமெரிக்காவுடையது. கேழ்வரகுகூட ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான், ஆனால் வந்து சில ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

ஒரு காலத்தில் விருந்தாளி வந்தால் சங்கடிப் பானையை மறைத்துவிட்டுச் சோறு வடிப்பார்கள். இப்போது நெடுஞ்சாலை ஓட்டல்களில் அதுவே 'ஸ்பெஷல்'. போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உருண்டை கருத்து, மினுமினுப்பாக இருந்தால் உட்காருங்கள். வெளுத்திருந்தால் அரிசியை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். பேசாமல் தோசை சொல்லிவிடலாம்.